கலவரமா, போராட்டமா: முடிவு எடுக்கப்படும் இடம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: "நமக்குப் பிடித்த கட்சியோ இயக்கமோ சாலையை மறித்தால், பஸ் கண்ணாடியை உடைத்தால் அது மக்களின் கொதிப்பு. பிடிக்காதவர்கள் அதையே செய்தால் கலவரம், சமூக விரோதிகளின் சதி. பேச்சும் அப்படித்தான். நம் தலைவர் பேசினால் வீர உரை, அவர்கள் தலைவர் பேசினால் வன்முறைத் தூண்டல். எல்லோருக்கும் பொருந்துகிற ஓர் அளவுகோல் உண்டா, இல்லை எல்லாமே கட்சி கட்டிப் பேசுவதுதானா?"

அளவுகோல் உண்டு. கல்லை எறிந்தது யார், எதன் மீது, யாருக்கு அடிபட்டது, தடுத்திருக்க வேண்டியவர் தடுத்தாரா என்று கேட்டுப் பார்த்தாலே பாதி விவாதம் முடிந்துவிடும். கட்சிக்காரர், நடுநிலையாளர், அரசியலே பிடிக்காதவர் என எல்லோருக்கும் இந்தக் கேள்விகள் தெரியும். எதிரி விஷயத்தில் நாம் அவற்றைத் துல்லியமாகவே கேட்கிறோம்.

குற்றவியல் வழக்குகளோடு பல ஆண்டுகளாகப் புழங்குகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தொலைக்காட்சி விவாதத்தில் யார் எந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள் என்பதையே கவனித்துக்கொண்டிருந்தால் முக்கியமான இடம் கண்ணில் படாமல் போய்விடும். இரட்டை அளவுகோலின் நிரந்தர முகவரி காவல் நிலையமும், உள்துறைக் கோப்பும், அரசு வழக்குரைஞரின் மனுவும்தான். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவைப் போடுவது, யாரைப் பிடித்து ரிமாண்ட் செய்வது, எந்தப் பேச்சுக்கு வழக்குத் தொடர அனுமதி தருவது, சில ஆண்டுகள் கழித்து எந்த வழக்கைத் திரும்பப் பெறுவது ஆகிய எல்லா முடிவுகளிலும் ஆட்சியில் இருப்பவரின் கை இருக்கிறது. ஊடகமும் சமூக ஊடகமும் பெரும்பாலும் அந்த முடிவுகளுக்குப் பின்பாட்டுப் பாடுகின்றன.

இதைக் காட்ட மெரினாவைவிடச் சிறந்த இடம் கிடையாது. 2017 ஜனவரி 17 முதல் 23 காலை வரை ஜல்லிக்கட்டுக்காக அங்கே லட்சக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். எழுத்துப்பூர்வமான அனுமதி எதுவும் கிடையாது. போக்குவரத்து நின்றது. மதுரையில் வைகைப் பாலத்தில் ஒரு ரயிலே நாள்கணக்கில் மறிக்கப்பட்டு நின்றது. ரயிலை மறிப்பது ரயில்வே சட்டப்படி தனிக் குற்றம். உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் தடை செய்த ஒன்றுக்காகத்தான் இத்தனையும் நடந்தது. முதல் ஆறு நாள் யாரும் இதைச் சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்லவில்லை. காவலர்கள் மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட படங்கள் வந்தன. சட்டமன்றம் கூடி மசோதா நிறைவேற்றியது. நானும் அந்தக் கூட்டத்தின் ஒழுங்கைப் பார்த்து வியந்தவன்தான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அதே மணல், அதே ஆண்டு, மே 21. ஈழப் போரின் இறுதிக் கட்டத்தில் கொல்லப்பட்டவர்களுக்கு மெழுகுவத்தி ஏந்தி அஞ்சலி செலுத்த மே பதினேழு இயக்கத்தினர் வந்தார்கள். ஒரு மாலை நேர நிகழ்வு. கைது செய்யப்பட்டார்கள். திருமுருகன் காந்தி உள்ளிட்ட நால்வர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கள்ளச் சாராயம் காய்ச்சுபவர்களையும் போதைப்பொருள் விற்பவர்களையும் தொடர்ந்து குற்றம் செய்யும் ரவுடிகளையும் விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைப்பதற்காக 1982இல் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. அந்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. ஆனால் அதற்குள் மாதங்கள் சிறையில் கழிந்துவிட்டன. இந்த மாதிரி வழக்குகளில் நடைமுறையே தண்டனை என்பது நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தேநீர்க் கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? முதல் கூட்டம் பெரியது, எல்லாக் கட்சிக்கும் பிடித்த கோரிக்கை, அடித்து விரட்டினால் அரசுக்கு ஆபத்து. இரண்டாவது கூட்டம் சிறியது, யாருக்கும் அதனால் வாக்கு போகாது. வன்முறை என்ற கணக்கில் பார்த்தால் இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. ஆக, சட்டத்தின் கடுமை நடத்தையைப் பார்த்து வரவில்லை, கூட்டத்தின் பலத்தைப் பார்த்து வந்தது.

மெரினா போராட்டத்துக்கு உள்ளேயே இன்னோர் இரட்டைக் கணக்கு இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஜனவரி 23 காலை கூட்டத்தைக் கலைத்தபோது வன்முறை வெடித்தது, ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. 'சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்' என்ற விளக்கம் உடனே வந்தது. அதே நாளில் நடுக்குப்பம் மீனவர் குடியிருப்புக்குள் போலீசார் புகுந்தார்கள். அங்கிருந்த மீன் சந்தை எரிந்து போனது. காவலர்களே வாகனங்களுக்குத் தீ வைப்பது போன்ற காட்சிகள் தொலைக்காட்சிகளில் ஓடின. தடியடிக்குப் பயந்து ஓடிவந்த மாணவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் அந்தக் குப்பத்து மக்கள். ஆறு நாள் 'நம் பிள்ளைகள்' என்று கொண்டாடப்பட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்குக் கதவு திறந்தவர்கள் அடி வாங்கினார்கள், வழக்கையும் சுமந்தார்கள். ஒரே போராட்டத்தின் ஒரே காலைப்பொழுதில் சட்டைக்கும் கைலிக்கும் தனித்தனி நீதி.

இனி, ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன இரண்டு ஊர்வலங்கள்.

1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையில் அடைக்கப்பட்டிருந்த 600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் ஊர்வலம் சென்றது. தடியடி நடந்தது, மக்கள் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டார்கள். ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். ஆட்சியில் திமுக. விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம் காவல் துறை மீது பழியில்லை என்றும், பெரும்பாலானோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றும் முடிவு சொன்னது. அவர்கள் ஏன் தண்ணீருக்குள் இறங்கினார்கள் என்ற கேள்விதான் அந்த வழக்கே. அது பதிலில்லாமல் நின்றது.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். நகரின் சில பகுதிகளில் 144 தடை உத்தரவு இருந்தது. அதை மீறித்தான் ஊர்வலம் போனது. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிந்தன என்பதும் உண்மை. துப்பாக்கிச் சூட்டிலும் அதைத் தொடர்ந்த சம்பவங்களிலும் 13 பேர் இறந்தார்கள். ஆட்சியில் அதிமுக. நடந்ததைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அன்றைய முதலமைச்சர் பழனிசாமி சொன்னார். அங்கே போய்வந்த நடிகர் ரஜினிகாந்த், சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டதாகவும், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடே சுடுகாடாகிவிடும் என்றும் சொன்னார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது படம் மாறியிருந்தது. துப்பாக்கிச் சூடு தேவையற்றது, ஓடிக்கொண்டிருந்தவர்களும் சுடப்பட்டிருக்கிறார்கள் என்றது அறிக்கை. காவல் துறையினர் 17 பேர் மீதும் அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. முதல்வரின் 'தொலைக்காட்சி' விளக்கத்தையும் ஏற்கவில்லை.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் கட்சி நண்பர்களிடம் பேசிப் பாருங்கள். ஒருவர் 2018ஐப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார், 1999 என்றதும் 'அது ஆற்றில் நடந்த விபத்து' என்பார். இன்னொருவர் தலைகீழ். அறிக்கைகளைப் படிக்கும்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள். விசாரணை ஆணையம் அமைப்பது, அதன் வரம்பை எழுதுவது, அறிக்கையை வெளியிடும் நேரத்தைப் பார்ப்பது எல்லாம் அரசின் வேலை. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டப்படி அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது. தூத்துக்குடி அறிக்கை எழுதி முடிக்கப்பட்ட நேரத்தில் ஆட்சி மாறியிருந்தது. மாஞ்சோலைக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாளில் போலீசார் சுட்டதில் இறந்தவர்களுக்கும் இல்லை. அந்தச் சூடு தவிர்க்க முடியாதது என்றுதான் அங்கே ஆணையம் சொன்னது. ஓர் அறிக்கையை மேற்கோள் காட்டும்போது அதன் முடிவோடு, அது யார் ஆட்சியில் பிறந்தது, யார் ஆட்சியில் வெளிவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இதுவரை சொன்னவற்றில் மக்கள் ஒருபுறம், அரசு மறுபுறம். கேள்வி கேட்டவர் 'பஸ்ஸை உடைக்கும் கட்சிக்காரர்' பற்றிக் கேட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் தமிழ்நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளும் கடன்பட்டவை.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. அன்று தர்மபுரி இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த வேளாண் பல்கலைக்கழகப் பேருந்தை அதிமுகவினர் எரித்தார்கள். உள்ளே இருந்த மூன்று மாணவிகள் கருகி இறந்தார்கள். விசாரணையில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். இறந்த பெண் ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றம் போய்த்தான் வழக்கு சேலத்துக்கு மாறி மறுவிசாரணை நடந்தது. 2007இல் மூவருக்குத் தூக்கு. உச்ச நீதிமன்றம் அதை 2010இல் உறுதி செய்தது. மறுசீராய்வில் 2016இல் ஆயுளாகக் குறைத்தது: கும்பல் வெறியில் நிதானம் இழந்து செய்தது, திட்டமிட்ட கொலை அல்ல என்பது காரணம். 2018 நவம்பரில், எம்ஜிஆர் நூற்றாண்டை ஒட்டி, அந்த மூவரும் விடுதலையானார்கள்.

ஆண்டைக் கவனியுங்கள். மே மாதம் தூத்துக்குடியில் ஊர்வலம் போனவர்கள் மீது சமூக விரோதிகள் என்ற முத்திரை. நவம்பரில், மூன்று பெண்கள் எரிந்த வழக்கின் குற்றவாளிகள் வீடு திரும்பினார்கள். இரண்டும் ஒரே அரசு. தூக்கைக் குறைத்ததில் எனக்கு மறுப்பில்லை, மரண தண்டனையே எனக்கு உடன்பாடில்லை. கும்பலில் கரைந்த மனிதனின் மனநிலையைக் கணக்கில் எடுப்பதும் சரியான சட்டச் சிந்தனைதான். அந்தப் பரிவு கட்சித் தொண்டருக்குக் கிடைக்கிறது. ஊரில் புற்றுநோய் பரவுகிறது என்று பயந்து தெருவுக்கு வந்தவருக்கும் கிடைத்ததா என்பதே என் கேள்வி.

மறுபக்கம் 2007 மே 9. கருணாநிதிக்குப் பின் யார் என்று ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது தினகரன். மதுரையில் அதன் அலுவலகம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டதில் ஊழியர்கள் மூன்று பேர் இறந்தார்கள். ஆட்சியில் திமுக, தாக்கப்பட்ட பத்திரிகையின் உரிமையாளர்களும் தலைவரின் உறவினர்கள். 2009இல் விசாரணை நீதிமன்றம் 17 பேரையும் விடுவித்தது. 2019 மார்ச்சில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. சம்பவத்துக்கும் தண்டனைக்கும் நடுவே ஏறத்தாழ 12 ஆண்டுகள். 'எங்கள் கட்சி அந்த மாதிரி இல்லை' என்று இரு கழகத்தினரில் யார் சொன்னாலும் அவரிடம் இந்த இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள்.

இந்தக் கட்சிக் கும்பல் வழக்குகளை மக்கள் போராட்ட வழக்குகளோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். கட்சி வழக்கில் பெயர் உள்ள ஆட்கள் கொஞ்சம் பேர். மக்கள் போராட்ட வழக்கில் 'இன்னார் இன்னார் மற்றும் பெயர் தெரியாத, பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய பலர்'. இந்த 'மற்றும் பலர்' சாதாரணமான சொல் அல்ல. அந்தக் காலி இடத்தில் நாளை யாருடைய பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரையில் நடந்த போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதிவாயின. மீனவர்கள் மீது, பீடி சுற்றும் பெண்கள் மீது தேசத் துரோகப் பிரிவு. வீட்டில் ஒருவருக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தால் பாஸ்போர்ட் சரிபார்ப்பில் அந்த வழக்கு எழுந்து நிற்கும். உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் அணு உலைக்கு அனுமதி கொடுத்த அதே தீர்ப்பில், போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது. அதன் பிறகும் அந்த ஊர்க்காரர்கள் நீதிமன்றத்துக்கு அலைந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது நம் வீட்டு அழுக்குக்கு வருவோம். 1965 மொழிப்போரைத் தமிழர்கள் பெருமையோடு நினைக்கிறோம். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஜனவரி 25 வீரவணக்க நாள். அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர் இறந்த அந்தக் கிளர்ச்சியில் போலீசார் மாணவர்களைச் சுட்டார்கள், பொள்ளாச்சியில் ராணுவம் வந்தது. அதே கிளர்ச்சியின்போது திருப்பூரில் காவல் உதவி ஆய்வாளர்கள் இருவரைக் கும்பல் கொன்றது. எத்தனை மேடைகளில் அந்த இருவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்? அதைச் சொன்னால் மொழிப்போர் சிறுமைப்பட்டுவிடும் என்று பயப்படுகிறோம். சிறுமைப்படாது. இந்தித் திணிப்பு தவறு, போலீசார் சுட்டது தவறு, அந்த இருவரைக் கொன்றதும் கொலை. மூன்றையும் ஒருவரே ஒரே மூச்சில் சொல்ல முடியும்.

இன்னும் பின்னே போனால் 1908. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதான மறுநாள், மார்ச் 13 அன்று, திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம் தாக்கப்பட்டது, மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். வ.உ.சி.யின் பேச்சுதான் தூண்டியது என்றது அரசு. நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. அன்று அவர் மீது போட்ட அதே 124-ஏ என்ற தேசத் துரோகப் பிரிவைத்தான் இடிந்தகரை மக்கள் மீதும் நம் அரசு போட்டது. அவருக்குச் சிலை வைக்கிற அரசுகள் அந்தப் பிரிவைக் கைவிடவில்லை.

'அப்படியானால் நோக்கத்துக்கு மதிப்பே இல்லையா? சாதி வெறியில் குடிசை எரிப்பவனும், குடிதண்ணீர் கேட்டுச் சாலை மறிப்பவனும் ஒன்றா?' என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. நோக்கத்துக்கு மதிப்பு உண்டு. யாருக்கு நாம் ஆதரவு தருகிறோம், அரசு யாரோடு பேச வேண்டும், தண்டனை எவ்வளவு என்பதையெல்லாம் நோக்கம் தீர்மானிக்கலாம். நடந்ததா இல்லையா என்பதை அது தீர்மானிக்கக் கூடாது. அதோடு, சாலை மறியலும் தீ வைப்பும் ஒரே தட்டில் நிற்பவை அல்ல. 'இரண்டு தரப்பும் வன்முறை' என்று சொல்லி மறியலையும் கொலையையும் ஒன்றாக்குவது இரட்டை அளவுகோலைவிட மோசமான ஏமாற்று. கூட்டத்தின் வன்முறையும் சீருடையின் வன்முறையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குப் பயிற்சி கிடையாது, கட்டளைச் சங்கிலி கிடையாது. போலீசாருக்கு இரண்டும் உண்டு. எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி, அதன் பிறகே துப்பாக்கி, அதுவும் இடுப்புக்குக் கீழே என்று படிப்படியான விதிகளும் உண்டு. அவர்களிடம் கூடுதல் கட்டுப்பாடு எதிர்பார்ப்பது பாரபட்சம் ஆகாது.

பேச்சுக்கு வருகிறேன். தூண்டல் பற்றிய இந்தியச் சட்டம் ஏட்டளவில் மோசமில்லை. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில், அரசைக் கடுமையாகத் திட்டுவது மட்டும் தேசத் துரோகம் ஆகாது, வன்முறைக்கோ பொது அமைதிக் குலைவுக்கோ இழுத்துச் செல்லும் நோக்கமோ போக்கோ வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1995இல் பல்வந்த் சிங் வழக்கு. இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்று சண்டிகரில் ஒரு திரையரங்கின் முன்னால் காலிஸ்தான் கோஷம் போட்ட இரண்டு அரசு ஊழியர்கள் விடுவிக்கப்பட்டார்கள். யாரும் அந்தக் கோஷத்தைக் கேட்டுக் கிளம்பவில்லை, வெறும் கோஷம் குற்றமல்ல என்று சொல்லி. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கு இன்னும் தெளிவு: விவாதிக்கலாம், ஒரு கருத்துக்காக வாதாடலாம், தூண்டல் என்ற எல்லையைத் தொட்டால்தான் குற்றம். ஆக, கேட்க வேண்டியது இதுதான்: பேசியவர் யார், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் என்ன இருந்தது, பேச்சுக்கும் செயலுக்கும் எவ்வளவு தூரம்? திரையரங்கின் முன்னால் இருவர் கத்துவதும், ஏற்கெனவே ஆத்திரத்தில் இருக்கும் கூட்டத்தின் முன்னால் அமைச்சர் ஒருவர் கோஷத்தின் பாதியைச் சொல்லி மீதியைக் கூட்டத்தைச் சொல்ல வைப்பதும் வேறு வேறு.

அப்படி ஒரு கோஷம் 2020 ஜனவரியில் டெல்லித் தேர்தல் பிரசாரத்தில் எழுந்தது. மத்திய இணை அமைச்சராக இருந்த அனுராக் தாக்குர் மேடையிலிருந்து 'துரோகிகளை' என்று தொடங்கினார், சுடச் சொல்லிக் கூட்டம் முடித்தது. தேர்தல் ஆணையம் அவரை மூன்று நாள் பிரசாரம் செய்யவிடாமல் தடுத்தது. வழக்குப் பதிவு செய்ய உத்தரவிடக் கோரிய மனுவை, அரசின் முன் அனுமதி இல்லை என்ற காரணத்தால் டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஜூனில் நிராகரித்தது. புன்னகையோடு சொன்னால் குற்றமில்லை என்ற பொருளில் விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொன்னது நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்தக் கோஷத்துக்கு அடுத்த மாதம் வெடித்த டெல்லிக் கலவரத்தில் 53 பேர் இறந்தார்கள். அதன் சதி வழக்கில் பேச்சுகளும் வாட்ஸ்அப் உரையாடல்களும் ஆதாரமாகக் காட்டப்பட்ட உமர் காலித் 2020 செப்டம்பரில் உபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் கைதாகி, ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதியாகவே இருந்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஒரு பேச்சு முதல் தகவல் அறிக்கையைக்கூட எட்டவில்லை, இன்னொரு பேச்சு சிறைவரை போனது. இரண்டையும் படித்துப் பார்க்கிற யாருக்கும் அந்த வேறுபாடு பேச்சுகளின் சூட்டில் இருப்பதாகத் தோன்றாது.

'முன் அனுமதி' என்றேனே, அதில்தான் பூட்டு இருக்கிறது. தேசத் துரோகம், சமூகங்களிடையே பகை வளர்த்தல் போன்ற பிரிவுகளில் நீதிமன்றம் வழக்கை ஏற்க அரசின் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 196, புதியதில் 217. பொய் வழக்குகளிலிருந்து மக்களைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது. ஆளும் தரப்பு பேசும்போது அதுவே கேடயமாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இதன் வேடிக்கையான முகம் வைகோ வழக்கு. 2009இல் ஈழம் பற்றிப் பேசியதற்காக அவர் மீது தேசத் துரோக வழக்குப் போட்டது திமுக அரசு. 2019 ஜூலை 5 அன்று அவருக்கு ஓராண்டு சிறை விதிக்கப்பட்டது. அதே மாதத்தில் அவர் மாநிலங்களவைக்குத் தேர்வானார், திமுகவின் ஆதரவோடு. இடையில் பேச்சு மாறவில்லை, கூட்டணி மாறியது. 124-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 152 என்ற எண்ணில், பெயர் மாறி, அதன் சாரம் திரும்பி வந்துவிட்டது.

கடைசிக் கதவு வழக்குத் திரும்பப் பெறுதல். அரசு வழக்குரைஞர் மனுப் போட்டு, நீதிமன்றம் சம்மதித்தால் வழக்கு முடிந்தது. 2021 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு பழனிசாமி அரசு ஜல்லிக்கட்டு, குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்பு வழக்குகளில் பலவற்றைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆட்சிக்கு வந்ததும் ஸ்டாலின் அரசும் போராட்டக்காரர்கள் மீதான பல வழக்குகளைக் கைவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை போட்டிருக்கவே கூடாத வழக்குகள் என்பதால் நான் மகிழ்ந்தேன். ஆனால் நீதி தேர்தல் அட்டவணைப்படி வருவது நல்லதல்ல. கேரளத்தில் ஆபத்து இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. 2015இல் பட்ஜெட் நாளன்று சட்டமன்றத்துக்குள் நாற்காலியையும் மைக்கையும் உடைத்த தன் உறுப்பினர்கள் மீதான வழக்கை, ஆட்சிக்கு வந்த இடதுசாரி அரசு திரும்பப் பெற முயன்றது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் மறுத்துவிட்டது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 360ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் திரும்பப் பெற அனுமதிக்கக் கூடாது என்கிறது. நல்ல மாற்றம், எந்த அளவு உயிரோடு இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

'அப்போது எங்கே போயிருந்தீர்கள்?' என்ற நம் ஊர்க் கேள்வியைப் பற்றியும் ஒரு சொல். அதை எப்போதும் திசைதிருப்பல் என்று ஒதுக்க நான் தயாரில்லை. 2018ஐக் கண்டிக்கிறவரிடம் 1999ஐ நினைவுபடுத்துவது நியாயமே. கேட்கிறவர் அடுத்து என்ன சொல்கிறார் என்று பாருங்கள். 'எனவே இரண்டிலும் பொறுப்பானவர்கள் தண்டிக்கப்பட வேண்டும்' என்றால் அவர் நேர்மையாக ஒப்பிடுகிறார். 'எனவே இதையும் விட்டுவிடுங்கள்' என்றால் அவர் தன் ஆளுக்கு ஜாமீன் கேட்கிறார், அவ்வளவுதான்.

அடுத்த முறை ஏதாவது ஓர் ஊரில் போராட்டம் வெடித்து உங்கள் கைப்பேசி கொதிக்கும்போது, கருத்துச் சொல்வதற்கு முன் முதல் தகவல் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது; தமிழ்நாடு காவல் துறையின் தளத்தில் தேட முடியும். எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது, எத்தனை பேர் 'மற்றும் பலர்' என்று பாருங்கள். வெறும் தடை உத்தரவை மீறியதற்கான, பழைய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் போலீசார் தாமாக வழக்குப் பதிய முடியாது, அதிகாரியின் எழுத்துப்பூர்வமான புகார் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று மதுரைக் கிளை 2018இல் ஜீவானந்தம் வழக்கில் சொல்லிவிட்டது. அதே குற்றம் இப்போது புதிய தண்டனைச் சட்டத்தில் 223 என்ற எண்ணில் இருக்கிறது, அதைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். காயம்பட்டதாகச் சொல்லப்படும் காவலரின் பெயரும் காயத்தின் தன்மையும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். உணர்வுபூர்வமான வழக்கு என்று காரணம் சொல்லி அறிக்கையை ஏற்றாமல் விட்டிருந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றாமல் விடும் முடிவை ஓர் உயர் அதிகாரிதான் எடுக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து முறையிடவும் முடியும்.